25,000 ரூபாய்க்குள் ஒரு கட்டில்: காரைக்குடிப் பக்கம் நாங்கள் பார்த்த வகைகள்

கடன் வாங்கி வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். பால் காய்ச்சிய மறுநாள் கையில் மிஞ்சுவது பந்தல்காரருக்குத் தரவேண்டிய பாக்கிதான். கோட்டையூரில் நாங்கள் கட்டிய வீடு சின்னது, இரண்டே படுக்கையறை. முதல் ஒரு வாரம் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பாய் விரித்துப் படுத்தோம். சித்திரை வெயிலுக்கு அந்தக் குளிர்ச்சி சுகமாகவும் இருந்தது. இரண்டாவது வாரம் என் வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சரி, கட்டில் வாங்கிவிடுவோம் என்று அப்போதுதான் முடிவானது. ஒதுக்க முடிந்த பணம் 25,000 ரூபாய், மெத்தைச் செலவு தனி.

கட்டில் வாங்குவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தேன். ஒன்றரை மாதம் ஆனது. பழைய சாமான் கடை, இரும்புப் பட்டறை, மரவாடி, கைப்பேசியில் விற்கிற கடைகள் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். இங்கே எழுதும் விலைகள் எங்களிடம் சொன்ன விலைகள். உங்கள் பேரத் திறமைக்கு ஏற்ப முன்னே பின்னே இருக்கும்.

முதலில் அளவு. கட்டிலைப் பார்த்துவிட்டு மெத்தைக்கு அலைவது தப்பு, மெத்தை அளவை முடிவு செய்துவிட்டுத்தான் கட்டிலுக்குப் போக வேண்டும். கடையில் தயாராகக் கிடைக்கும் மெத்தைகளின் நீளம் 72, 75, 78 அங்குலம். அகலம் 36, 48, 60, 72. ஆசாரி இதையே அடிக் கணக்கில் சொல்வார். "ஆறேகாலுக்கு அஞ்சு" என்றால் 75க்கு 60. "ஆறரைக்கு அஞ்சு" என்றால் 78க்கு 60. படுப்பவர் ஆறடிக்கு மேல் உயரம் என்றால் ஆறரைதான் சரி. எங்கள் வீட்டில் உயரமானவர் ஐந்தடி பத்தங்குலம், ஆறேகாலே போதும்.

அகலத்தில்தான் தடுமாறினோம். ஆறடி அகலம் வேண்டும் என்றுதான் இவருக்கு ஆசை. அறை பத்துக்குப் பதினொன்று. தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தோம். கட்டில் கோடு, பீரோக் கதவு திறக்கும் கோடு, ஜன்னல் கதவு உள்ளே வரும் கோடு எல்லாம் போட்டபிறகு, ஆள் நடக்க ஒன்றரை அடிகூட மிஞ்சவில்லை. அஞ்சடிக்கு இறங்கினோம். இந்தக் கோடு போடும் வேலைக்குக் கால்மணி நேரம்தான் ஆகும். இதைச் செய்யாமல் கட்டில் வாங்கிவிட்டு, பீரோவைக் கூடத்தில் வைத்திருப்பவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள்.

இனி கட்டில்.

செட்டிநாட்டில் வீடு கட்டினால் கட்டில் விஷயத்தில் எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: பர்மாத் தேக்கில் பழைய கட்டில் வாங்கு. என் அப்பத்தாவும் அதையேதான் சொன்னார்கள். "காரைக்குடியில இருந்துக்கிட்டு அட்டைக் கட்டில் வாங்குவியாத்தா? ஊரு சிரிக்கும்."

அப்பத்தா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. செட்டியார்கள் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில் கப்பலில் வந்த மரம்தான் இந்தப் பக்கத்து வீடுகளில் தூணாகவும் உத்தரமாகவும் கதவாகவும் நிற்கிறது. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் புகுந்ததோடு அந்த வரத்து முறிந்தது. பிற்காலத்தில் வியாபாரிகள் வழியாக வந்துகொண்டிருந்த உருட்டு மரமும், 2014 ஏப்ரலில் மியான்மர் அரசு ஏற்றுமதியைத் தடை செய்தபிறகு நின்றது. இன்று 'தேக்கு' என்று மரவாடியில் அடுக்கியிருப்பதில் நிறைய ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வருகிற தோட்டத்துத் தேக்கு. அதனால் பழைய பர்மாத் தேக்குக்கு மவுசு குறையப் போவதில்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனோம். பழைய சாமான்களுக்குப் பேர்போன தெரு. எனாமல் தூக்குச்சட்டி, ஊறுகாய் ஜாடி, பெல்ஜியம் கண்ணாடி, மங்கிப்போன ரவிவர்மா படங்கள் இவற்றுக்கு நடுவே கட்டில்கள் சாய்த்து வைத்திருந்தன. ஒன்று மனதைப் பிடித்துவிட்டது. கடைசல் பிடித்த கால்கள், கொசுவலை கட்ட நாலு மூலையிலும் கம்பு, தலைமாட்டில் இரண்டு கிளிகள் எதிரெதிரே. சொன்ன விலை 28,000. கொஞ்சம் இறங்குவார்கள் என்று தோன்றியது.

அளவு நாடாவை எடுத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. உள் அகலம் 51 அங்குலம். 48க்கும் 60க்கும் நடுவில் அந்தரத்தில் நிற்கும் அளவு. எந்தக் கம்பெனி மெத்தையும் பொருந்தாது. கால் உயரம் 25 அங்குலம். அதன்மேல் ஆறங்குல மெத்தை போட்டால் 31. உட்கார்ந்தால் கால் தரையில் பாவாது. அந்தக் காலத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஏன் முக்காலி போட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

கடைக்காரர் நல்ல மனிதர். நாங்களாகக் கேட்பதற்கு முன்பே கட்டிலைத் திருப்பிப்போட்டு அடிப்பக்கத்தைக் காட்டினார். மேலே எல்லாம் ஒரே பளபளப்பு. அடியில் பாலிஷ் ஏறாத இடத்தில் பார்த்தால் ஒரு நெடுஞ்சட்டம் மட்டும் வேறு நிறம், எப்போதோ வேறு மரத்தில் மாற்றியிருக்கிறார்கள். பிரம்புப் பின்னல் நடுவில் தொய்ந்து கிழிந்திருந்தது. பின்னி வாங்கலாம், அல்லது பிரம்பை எடுத்துவிட்டுப் பலகை அடிக்கலாம், இரண்டும் செலவு. பழைய கட்டில் பார்க்கப் போகிறவர்கள் கைப்பேசி விளக்கைப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்க்காமல் விலை பேசவே கூடாது.

மெத்தைச் சிக்கலுக்கு வழி இருக்கிறது. இலவம்பஞ்சு மெத்தை தைப்பவரிடம் சொன்னால் எந்த அளவுக்கும் தைத்துத் தருவார். ஆனால் இலவம்பஞ்சு மெத்தையை அவ்வப்போது மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் வெயிலில் காய வைக்க வேண்டும், சில வருடத்துக்கொரு முறை பஞ்சைக் கலைத்து அடித்துத் தைக்க வேண்டும். வேலைக்குப் போகிற இரண்டு பேரால் ஆகிற காரியமா என்று யோசித்தோம். 28,000த்துக்கு மேல் பழுது, ஏற்றுகூலி, தனி மெத்தை என்று கூட்டினால் 40,000த்தைத் தொடும். கிளிகளை விட்டுவிட்டு வந்தோம். கொஞ்சம் வருத்தம்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். ஒருவர் மட்டும் படுக்கிற பழைய கட்டிலுக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. மூன்றடிக் கட்டில்கள் விலையும் சகாயம், மெத்தையும் ஓரளவு பொருந்தும். படிக்கிற பிள்ளைக்கோ விருந்தாளி அறைக்கோ என்றால் பழைய கட்டிலைத்தான் சொல்வேன்.

அடுத்தது கைப்பேசியில் வாங்கும் கட்டில். அஞ்சடிக் கட்டில் 11,000த்திலிருந்து 14,000 வரை. அடியில் பெட்டி வைத்தது 17,000க்கு மேல். படத்தில் எல்லாமே அழகு. தவணை வசதியும் உண்டு. 'இன்ஜினியர்டு வுட்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் மரச்சிம்பையும் தூளையும் பசை விட்டு அழுத்திய பலகை. 'தேக்கு ஃபினிஷ்' என்றால் தேக்கு நிறத்தில் மேலே தாள் ஒட்டியிருக்கிறது என்று பொருள், அதற்குள் தேக்கைத் தேடக்கூடாது. இந்தப் பலகைக்குத் தண்ணீர் ஆகாது. தினமும் ஈரத் துணி போட்டுத் துடைக்கும் வீட்டில் பலகையின் அடி விளிம்பு மெல்ல ஈரம் உறிஞ்சி, ஊறிய அப்பளம் மாதிரி உப்பிவிடும்.

என் நாத்தனார் மதுரையில் இப்படி ஒன்று வாங்கினார். முதல் இரண்டு வருடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாடகை வீடு மாறும்போது கழற்றினார்கள். திரும்பப் பூட்டியபோது திருகாணி பழைய ஓட்டையில் பிடிக்கவில்லை. பல்குச்சியும் பசையும் வைத்துச் சமாளித்தார்கள். மறுபடி வீடு மாறியபோது, கழற்றியவர் அதைப் பூட்டவே முடியாது என்று கைவிரித்துவிட்டார். விற்ற கடையில் கேட்டதற்கு, கழற்றிப் பூட்டினால் உத்தரவாதம் செல்லாது என்று சொல்லிவிட்டார்களாம். ஒரே இடத்தில் அசையாமல் இருக்கும் வரைக்கும் அந்தக் கட்டில் கட்டில்தான்.

பெட்டி வைத்த கட்டில் மேல் எனக்கும் ஆசை இருந்தது. செட்டிநாட்டுப் பெண்ணுக்குப் பாத்திரம் வைக்க இடம் போதும் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா? ஆனால் எங்கள் பக்கம் செம்மண் பூமி, கரையான் அதிகம். கால் வைத்த கட்டில் என்றால் கரையான் மண்கோடு போட்டுக்கொண்டு ஏறுவது பெருக்கும்போதே கண்ணில் படும். தரையோடு ஒட்டி உட்காரும் பெட்டிக் கட்டிலில் அது உள்ளே எத்தனை நாளாக வேலை பார்த்தது என்பது, மெத்தை ஒரு பக்கம் இறங்கும்போதுதான் தெரியும். பெட்டிதான் வேண்டும் என்பவர்கள் ப்ளைவுட்டில் செய்யச் சொல்லுங்கள், அதிலும் 710 என்ற முத்திரை போட்டதை வாங்குங்கள். அது தண்ணீரைத் தாங்கும் ரகம். 303 என்று போட்டது சாதாரண ரகம். 710 வாங்கினால் 25,000த்துக்குள் முடியாது, அது வேறு விஷயம்.

இரும்புக் கட்டிலுக்கு இரண்டு பட்டறைகளில் விலை கேட்டோம். ஒன்றரை அங்குலச் சதுரக் குழாயில் அஞ்சடிக் கட்டில், 18 கேஜ் என்றால் 9,500, 16 கேஜ் என்றால் 11,500. கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 18 கேஜ் 1.2 மில்லிமீட்டர், 16 கேஜ் 1.6 மில்லிமீட்டர். இரண்டு பேர் படுக்கும் கட்டிலுக்கு 16தான் வாங்க வேண்டும், அந்த 2,000த்தில் கை வைக்காதீர்கள். மேலே சாதாரண பெயின்ட் அடிப்பதைவிட பவுடர் கோட்டிங் நீடிக்கும்.

கரையான் இரும்பைத் தின்னாது, ஆனால் மூட்டைப்பூச்சி குழாய் முனைகளில் குடியேறும். முனைகளுக்கு மூடி போட்டுத் தரச் சொல்லுங்கள். நாலு பக்கமும் போல்ட்டில் கழற்றுகிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். ஒரே பிடியாக வெல்டிங் வைத்தால் மாடிப்படியில் திரும்பாது. போல்ட் போட்ட கட்டில் ஆறு மாதத்தில் கிறீச்சிட ஆரம்பிக்கும். போல்ட்டுக்கு அடியில் நைலான் வாஷர் போட்டு இறுக்கினால் அடங்கும்.

என்னைத் தயங்க வைத்தது துரு. துருப்பிடிப்பதைப் பற்றியும் ஆராய்ச்சி செய்யும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953இலிருந்து காரைக்குடியில்தான் இருக்கிறது. அந்த ஊர்க்காரியாக இருந்துகொண்டு துருவை அலட்சியம் செய்யலாமா? வேடிக்கை போகட்டும், விஷயம் எங்கள் தரை. ஆத்தங்குடிக் கல் சுட்ட கல் இல்லை. கண்ணாடி மேல் வண்ணச் சாந்து ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சிமெண்டுக்கு உறிஞ்சும் குணம் உண்டு. பக்கத்து வீட்டில் இரும்பு பீரோவின் காலடியில் ஈரம் தங்கி, பச்சைப் பூவும் மஞ்சள் கொடியுமாக இருந்த கல்லில் காசு அளவுக்குப் பழுப்பு வட்டம் விழுந்திருக்கிறது. எலுமிச்சை தேய்த்தார்கள், ஆசிட் ஊற்றினார்கள். துரு போகவில்லை, பூ போய்விட்டது. இரும்புக் கட்டில் வாங்கினால் காலுக்கு ரப்பர் குப்பி போட்டே ஆக வேண்டும், அது கிழிந்திருக்கிறதா என்று அவ்வப்போது தூக்கிப் பார்க்கவும் வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், அடிக்கடி மாற்றலாகிற வேலையில் இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், இரும்புதான். நாங்கள் சொந்த வீட்டுக்காரர்கள், இன்னும் இருபது வருடத்துக்குக் கடன் கட்டப் போகிறவர்கள். இந்த வீட்டை விட்டு எங்கே போகப் போகிறோம்?

ஆக, ஆசாரியிடம் சொல்லிச் செய்வது. இது ஏனோ எல்லோருக்கும் கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறது. எங்கள் வீட்டுக்கு நிலை, கதவு செய்த ஆசாரி பக்கத்து ஊர்தான். அவரிடம் கேட்டதும் ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் நீளத்தை அடியிலும் வைத்துப் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி. தலைப்பக்கக் கால் இரண்டு மூன்றரை அடி, கால்பக்கம் இரண்டு ஒன்றரை அடி, எல்லாம் மூன்றுக்கு மூன்று. நெடுஞ்சட்டம் இரண்டு, குறுக்குச் சட்டம் இரண்டு, எல்லாம் ஆறுக்கு ஒன்றரை. தலைமாட்டுக்கு மூன்று பலகை. நடுவில் தாங்க ஒரு சட்டம், பட்டை உட்கார இரண்டு பக்கமும் ரீப்பர் என்கிற ஒல்லிச் சட்டம். மெத்தைக்கு அடியில் மூன்றங்குலப் பட்டை பதின்மூன்று, பட்டைக்குப் பட்டை இடைவெளியும் மூன்றங்குலம். எல்லாம் கூட்டினால் நாலு கன அடிக்கு ஒரு துளி மேல். அறுப்பில் இழைப்பில் போகும் கழிவு சேர்த்து நாலே முக்கால் வாங்கச் சொன்னார்.

பட்டைக்குப் பதிலாக முழுப் ப்ளைவுட் போட்டால் என்ன என்று கேட்டேன். சிரித்தார். "கட்டில் முப்பத்தொண்ணேகால் சதுர அடி, ஷீட்டு முப்பத்திரண்டு. கணக்குக்குச் சரியா வரும். ஆனா எட்டுக்கு நாலு ஷீட்டை, துண்டு துண்டா ஒட்டுப்போடாம, எப்படித் திருப்பி வெட்டினாலும் அஞ்சடி அகலத்துக்கு ஒண்ணு பத்தாது, ரெண்டு வாங்கணும்." அதோடு, ஐப்பசி கார்த்திகை மழையில் காற்றுப் போகாத ப்ளைவுட்டுக்கும் ஃபோம் மெத்தைக்கும் நடுவே பூஞ்சை பூக்கும். பட்டையே நல்லது.

என்ன மரம் என்பதில்தான் பேச்சு நீண்டது. புதுத் தேக்கு கன அடி 3,200 என்று மரவாடியில் சொன்னார்கள். வேம்பு 1,100. வாகையும் ஏறக்குறைய அதே விலை. கூலி 6,500, பாலிஷ், திருகாணி, உப்புத்தாள் எல்லாம் சேர்த்து 2,600. இந்த இரண்டும் எந்த மரத்துக்கும் மாறாது. அப்படிப் பார்த்தால் முழுக்க வேம்பில் 14,300 சொச்சம். முழுக்கப் புதுத் தேக்கில் 24,300. எங்கள் பணத்துக்குள் தேக்கே அடங்குகிறதே என்று இவருக்குச் சந்தோஷம்.

ஆசாரி எங்களை மரவாடிக்கே அழைத்துப்போய் ஒரு தேக்குச் சட்டத்தின் அறுத்த முகத்தைக் காட்டினார். நடுவில் பழுப்பு, சுற்றி ஒன்றரை அங்குலத்துக்கு வெளிறிய மஞ்சள். "நடுவுல இருக்கறது வைரம். சுத்தி இருக்கறது வெள்ளை. இந்த வெள்ளை தேக்கும் இல்ல, முருங்கையும் இல்ல." சொன்னது கொஞ்சம் மிகைதான், ஆனால் விஷயம் உண்மை. தேக்கைக் கரையானிடமிருந்து காப்பது வைரத்தில் ஊறியிருக்கும் எண்ணெயும் மற்றச் சத்தும். சுற்றியிருக்கும் வெள்ளையான வெளிறில் அது கிடையாது, உளுத்துப்போகும். இளம் வயதில் வெட்டிய தோட்டத்துத் தேக்கில் வெளிறின் பங்கு அதிகம். பாலிஷ் ஏற்றிவிட்டால் இரண்டும் ஒரே நிறம். கடைகளில் மலிவு விலைக்குக் கிடைக்கும் 'தேக்குக் கட்டில்' பலவற்றின் ரகசியம் இதுதான். இழைத்தபிறகு, பாலிஷுக்கு முன்னால் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் போனேன்.

வேம்பு மோசமில்லை. கசப்பு மரம், பூச்சி சீக்கிரம் அண்டாது, கனமும் உண்டு. நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பச்சையாக அறுத்துச் செய்தால் முறுக்கிக்கொண்டு மூட்டு விடும். முதல் சில மாதம் ஒரு மணம் இருக்கும். சில வீடுகளில் அம்மன் மரத்தின் மேல் கால் நீட்டிப் படுக்கக்கூடாது என்பார்கள், சில வீடுகளில் வேப்பங்கட்டில் உடம்புக்குக் குளிர்ச்சி என்று தேடிச் செய்வார்கள். வாகையை ஆசாரிக்கே பிடிக்காது, இழைத்தால் தூள் பறந்து நாள் முழுக்கத் தும்மல். மாமரம் மலிவு, ஆனால் வண்டு துளைத்துவிடும், கட்டிலுக்கு வேண்டாம். பலா கிடைத்தால் விடாதீர்கள், இழைத்த அன்று மஞ்சளாக இருந்து வருடம் போகப்போகக் கறுத்து அழகாகும். எங்களுக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் ஆசாரிதான் அந்த வழியைச் சொன்னார். "ஏன் ஆத்தா, வீடு இடிச்ச மரம் பாக்கலாமே?"

பெரிய வீடுகளை இடித்து மரத்தைத் தனியே விற்கும் கிடங்குகள் இந்தப் பக்கம் இருக்கின்றன. உள்ளே போனால் முதலில் மனசு கனக்கும். யாரோ ஒருவருடைய முகப்புத் தூணும் பட்டாலை உத்தரமும் வளவு வாசல் நிலையும் எண் எழுதி அடுக்கியிருக்கும். பங்காளிகள் பத்து ஊரில் இருக்க, ஓடு மாற்றவும் ஆளில்லாமல் போன வீடுகள். வாங்காமல் வந்தால் அந்த வீடு எழுந்து நிற்கப் போவதில்லை என்று சொல்லிக்கொண்டுதான் பார்க்க ஆரம்பித்தேன்.

தூணும் வேலைப்பாடு உள்ள கதவும் எங்கள் விலைக்கு எட்டாது. உடைந்த சட்டம், குட்டையான உத்தரத் துண்டு, வேலைப்பாடு இல்லாத பலகை, இவையெல்லாம் கன அடி 3,800க்குக் கிடைத்தன. புதுத் தேக்கைவிட 600 கூடுதல். ஆனால் எழுபது எண்பது வருடம் கூரைக்கடியில் இருந்து காய்ந்த மரம், இனி முறுக்காது, சுருங்காது. அதில் வெளிறும் அவ்வளவாக இல்லை.

பழசெல்லாம் பர்மாத் தேக்கு இல்லை என்பதை இங்கேயும் நினைவில் வைக்க வேண்டும். ஒரே வீட்டில் முன்கட்டுக்குத் தேக்கும் பின்கட்டுக்கு வேறு மரமும் போட்டிருப்பார்கள். ஆசாரி உளியால் ஓரத்தில் ஒரு சீவு சீவினார். மேலே கரியும் தூசியுமாகக் கறுத்துக் கிடந்த மரம், உள்ளே தேன் நிறத்தில் இருந்தது. அந்தச் சீவலை என் கையில் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார். பழைய தோல் பையைத் திறந்த மாதிரி வாசனை. விரலில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு. பக்கத்திலிருந்த இன்னொரு சட்டத்தைச் சீவினால் செக்கச்சேவேல் என்று வேறு மரம், வாசனையும் இல்லை. தூசியோடு பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி.

ஆணிதான் தொல்லை. ஆணி இருந்த இடத்தைச் சுற்றி மரம் கறுத்திருக்கும். தேக்கில் உள்ள துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மை மாதிரி கறை ஆகிவிடும். தலை ஒடிந்து உள்ளேயே நின்ற ஆணி இழைப்பு இயந்திரத்தில் மாட்டினால் கத்தி போய்விடும், அறுவை மில்லில் இதற்காகவே பழைய மரத்தை வாங்க மறுப்பார்கள். ஆசாரி ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டிச் சட்டத்தின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். காந்தம் திரும்பிய இடத்திலெல்லாம் சாக்பீஸ் வட்டம். எங்கள் மரத்திலிருந்து பதினொரு ஆணி எடுத்தார்கள், எல்லாம் பட்டறையில் அடித்த சதுர ஆணி.

கட்டில் முழுவதையும் இந்த மரத்தில் செய்தால் 27,000 தாண்டும். கண்ணில் படுவதும் பாரம் தாங்குவதும் பழைய தேக்கில் இருக்கட்டும், மெத்தைக்கு அடியில் மறைவதெல்லாம் வேம்பில் இருக்கட்டும் என்று பிரித்தோம். கால், நெடுஞ்சட்டம், குறுக்குச் சட்டம், தலைமாடு மூன்று கன அடி தேக்கு, 11,400. நடுச்சட்டம், ரீப்பர், பட்டைகள் ஒன்றே முக்கால் கன அடி வேம்பு, 1,925. கூலியும் மற்றச் செலவும் 9,100. மொத்தம் 22,425. ஆணிக்காகக் கூலி ஏற்றவேண்டும் என்று ஆசாரி முதலில் சொன்னார், பிறகு எங்கள் வீட்டுக் காபியோடு விட்டுவிட்டார்.

தலைமாட்டில் பூ வேலை எதுவும் வேண்டாம் என்றேன். ஆனால் நடுப் பலகையில் ஒரு ஆணித் துளையும் கறையும் அப்படியே விடச் சொன்னேன். ஆசாரிக்கு அது பிடிக்கவில்லை, மெழுகு வைத்து அடைத்துத் தருகிறேன் என்று மூன்று முறை கேட்டார். நெடுஞ்சட்டம் காலோடு சேரும் இடத்தில் கழுந்து, அதாவது துளைக்குள் செருகும் முனை, வைத்து போல்ட்டும் போட்டிருக்கிறார், அறைக்குள்ளேயே கொண்டுவந்து பூட்டினார். படுத்துப் புரண்டால் சத்தமில்லை. உயரம் 17 அங்குலம், மெத்தையோடு 23.

இந்த முறையில் குறையும் உண்டு. நாள் ஆகும். கிடங்குக்கு இரண்டு நடை, மில்லுக்கு ஒரு நடை, ஆசாரிக்கு முகூர்த்த மாதத்தில் வேறு வேலை வந்து பத்து நாள் தள்ளிப்போனது. அவசரம் என்றால் இது ஆகாது. நம்பிக்கையான ஆசாரி இல்லாவிட்டாலும் ஆகாது, எந்த மரத்தை எங்கே போட்டார் என்று பாலிஷுக்குப் பிறகு நம்மால் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர்கள் முழு வேம்பில் செய்துகொள்ளலாம், ஏமாற இடம் குறைவு. நாளை மறுநாளே படுக்க வேண்டும் என்பவர்கள் 16 கேஜ் இரும்புக்குப் போகலாம்.

மிச்சம் 2,575 ரூபாய் இருந்தது. இரண்டாவது அறை அப்பத்தாவுக்கு. அவர்களுக்கும் இதே மரத்தில் ஒரு சின்னக் கட்டில் பிறகு செய்து தருகிறேன் என்றேன். ஊர் சிரிக்கும் என்று சொன்ன அதே அப்பத்தா, சந்தையில் 2,400 ரூபாய்க்கு விற்ற, இரும்புச் சட்டத்தில் நாடா பின்னிய மடக்குக் கட்டிலைக் காட்டினார்கள். "இதுதான் எனக்கு வேணும். பகல்ல வேப்ப மரத்தடிக்கு இழுத்துக்கிட்டுப் போவேன், ராத்திரி காத்து எங்கிட்டு வருதோ அங்கிட்டுப் போடுவேன். உன் பர்மாக் கட்டிலை அசைக்க நாலு ஆளுல்ல வேணும்?"

காலுக்கு ரப்பர் குப்பி நாலு, தனியாக வாங்கிப் போட்டேன்.